கை மாறிய வரி

இலங்கைத் தீவிலே மாரி உண்டு, கோடை உண்டு. குளிர்காலம் என்று ஒன்று இல்லை என்பது நாம் எல்லோரும் பள்ளியிலே படித்த பூமிசாத்திரப் பாடம். அப்பாடத்தை எழுதியவர் தை மாதத்து விடியற்காலையொன்றில் நுவரெலியாவிலே கண்விழித்தவராக இருக்க முடியாது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், இந்நாட்டின் மிக உயர்ந்த மலையாகிய பீதுருதாலகாலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது இந்நகரம். இதன் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை செல்சியஸ். மார்கழியின் பிற்பகுதி தொடங்கி மாசிவரை முகில் இல்லாத இரவுகள் வரும். அவ்விரவுகளில் நிலமானது பகலிற் பெற்ற வெப்பத்தையெல்லாம் வானத்துக்குக் கொடுத்துவிடுகின்றது. காற்றும் அசையாது நின்றுவிட்டால், விடியும்போது புல்நுனியும் உருளைக்கிழங்குப் பாத்தியும் தேயிலைக் கொழுந்தும் வெண்மை பூத்து நிற்கும். பத்திரிகைகள் இதனைத் 'துகள் உறைபனி' என்று எழுதும். காண்பதற்கு அழகுதான், ஆனால் வெயில் ஏறியதும் அக்கொழுந்து நெருப்புப் பட்டதுபோலக் கருகிவிடும். அவ்வாறு கருகிய மலைகளில் அடுத்த சில வாரங்களுக்குப் பறிப்பதற்கு அதிகம் இராது.

மலையகத்தாருக்குக் 'கம்பளி' என்னும் சொல்லிலேயே ஒரு சரித்திரம் அடங்கியிருக்கின்றது. தோட்டங்கள் உண்டான காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளருக்கு அரிசியோடு கம்பளியும் வழங்கினார்கள். அது இனாம் அன்று. அதன் விலை சம்பளத்திலே கழிக்கப்பட்டது. கொழுந்து பறிக்கும் பெண்கள் அக்கம்பளியைத் தலையிலிருந்து முதுகுவரை போர்த்துக்கொண்டு மழையிலும் பனியிலும் மலை ஏறினார்கள். இன்று கடைத்தெருவிலே பல நிறச் சுவெற்றர்கள் தொங்குகின்றன. எனினும், இரண்டு ஊசியும் ஓர் உருண்டை நூலும் கொண்டு வீட்டிலிருந்தே குளிருக்கு விடைசொல்லும் வழக்கம் இந்நகரத்தில் இன்னும் அற்றுப்போய்விடவில்லை.

எமக்கு அக்கலையைப் பழக்கியவர் மலைநாட்டிற் பிறந்தவர் அல்லர். பனையும் கடற்காற்றும் சூழ்ந்த வடமராட்சியிற் பிறந்து, ஆசிரிய நியமனம் பெற்று மலையேறி வந்து, ஓய்வு பெற்ற பின்னரும் இறங்கிப் போகாமல் இங்கேயே தங்கிவிட்ட ஒரு பெண்மணி அவர். பாடசாலையிலே எமக்கு மூத்த ஆசிரியை. பாடசாலை விட்டால் எமக்கு அக்கா. பத்திரிகையிலே தம் பெயர் வருவதை விரும்பாதவராதலின் அவருடைய பெயரை இங்கே எழுதாது விடுகின்றோம். 2022 ஆம் ஆண்டு ஐப்பசியில் அவர் காலமானார். இக்கட்டுரை பின்னற் கலையைப் பற்றியது. அவர் வளர்த்த பூனையைப் பற்றியது. அவரைப் பற்றியதும் ஆகும். மூன்றையும் பிரித்து எழுதுவது எமக்கு இயலாத காரியம்.

ஒரே நூல்

நெசவுக்கும் பின்னலுக்கும் உள்ள வேற்றுமையை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. நெசவிலே பாவும் ஊடுமாக இருவகை நூல்கள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து செல்கின்றன. பின்னலிலோ ஒரே நூல்தான். அந்நூலை வளைத்து ஒரு கண்ணி செய்கின்றோம். அக்கண்ணியினூடாக இன்னொரு கண்ணியை இழுக்கின்றோம். ஒவ்வொரு கண்ணியும் தனக்குக் கீழுள்ளதைத் தாங்கி, தான் மேலுள்ளதாலே தாங்கப்பட்டு நிற்கின்றது. ஆகையினாலேதான் பின்னிய துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், கையை மடக்கினால் மடங்கும். அதனாலேயே ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவினால் அதன் கீழுள்ளவை ஏணிப்படிபோல ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுவிடவும் செய்யும்.

இக்கலையில் அடிப்படை அசைவுகள் இரண்டே. ஒன்று கண்ணியைப் பின்புறத்திலிருந்து முன்புறம் இழுப்பது. மற்றையது முன்புறத்திலிருந்து பின்புறம் தள்ளுவது. உலகத்திலுள்ள கம்பளிச் சட்டைகளிற் காணும் கயிற்றுப் பின்னல், வரிப் பின்னல், பூவேலை அனைத்தும் இவ்விரண்டையும் மாற்றி மாற்றிச் செய்வதனாற் பிறந்தவையே. நெசவைப் போலப் பின்னல் மிகப் பழமையானது அன்று. இன்று எஞ்சியுள்ள பழைய பின்னல்களுட் குறிப்பிடத்தக்கவை எகிப்திலே கிடைத்த நீலமும் வெள்ளையுமான காலுறைகள். அவற்றின் வயது ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு. 1589 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் நொட்டிங்காம்சயர் மாகாணத்தைச் சேர்ந்த வில்லியம் லீ என்னும் பாதிரியார் முதலாவது பின்னல் இயந்திரத்தை அமைத்தார். நானூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வியந்திரத்தின் வழித்தோன்றல்கள் கையூசியை முற்றாக ஓய்த்துவிடவில்லை.

இன்னொரு வினா. கம்பளி சூடு தருகின்றதா? தருவதில்லை என்பதே சரியான விடை. ஒரு பனிக்கட்டியைக் கம்பளியிற் சுற்றி வைத்தால் அது விரைவில் உருகாது, மெதுவாகவே உருகும். ஆட்டு மயிர் இயல்பாகவே சுருண்டு சுருண்டு இருப்பதனால் அதனிடையே காற்று சிறைப்பட்டுவிடுகின்றது. அசையாத காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. நம் உடம்பின் சூட்டை நமக்கே காத்துத் தருகின்றது. அன்றியும் கம்பளியானது தன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் தோலுக்கு ஈரமாகத் தோன்றாது. எந்நேரமும் தூறல் விழும் மலைநாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான குணம் வேறென்ன வேண்டும்?

இவையெல்லாம் புத்தகத்திற் படிக்கக்கூடியவை. புத்தகத்திற் கிடைக்காத ஒன்றை அக்கா சொல்லித் தந்தார். புதிதாகப் பழகுவோர் நூல் எங்கே கழன்றுவிடுமோ என்ற அச்சத்தினால் அதனை விரலிலே இறுக்கிப் பிடிப்பது வழக்கம். "நூலை இறுக்கிப் பிடியாதையும் தங்கச்சி, அது எங்கையும் ஓடிப்போகாது" என்பார் அவர். நூலை விரல்களிடையே எவ்வளவு தளர்த்தி ஓடவிடுகின்றோமோ, அவ்வளவுக்குக் கண்ணி பெரிதாகும். ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே கண்ணித் தொகை கொண்டு இருவர் பின்னினாலும் இரு துணிகளும் ஒரே அளவாக வருவதில்லை. ஆகவேதான், சட்டை தொடங்குமுன் பத்துச் சென்ரிமீற்றர் சதுரத்துக்கு ஒரு துண்டு பின்னி, ஒரு வரியில் எத்தனை கண்ணி நிற்கின்றது என்று எண்ணிப் பார்க்கவேண்டும். கையெழுத்து ஆளுக்கு ஆள் வேறுபடுவது போன்றதே இதுவும். அக்காவின் கை தளர்ந்த கை. எமது கை இறுகிய கை. இந்த வேற்றுமை பின்னொரு நாள் எத்தனை பெரிய காரியமாகும் என்பது அப்பொழுது தெரியாது.

ஐஸ்லாந்துப் பூனை

உலகத்தின் வடகோடியிலுள்ள ஐஸ்லாந்து நாட்டைப் பற்றி ஒருநாள் அக்காவுக்கு வாசித்துக் காட்டினோம். பதினாறாம் நூற்றாண்டளவிலே அந்நாட்டுக்குப் பின்னற் கலை வந்து சேர்ந்தது. குளிர்காலத்தில் அங்கே பகற்பொழுது சில மணி நேரம் மாத்திரமே. நீண்ட இரவுகளிலே பண்ணைவீட்டார் அனைவரும் ஒரே அறையிற் கூடுவர். ஒருவர் விளக்கின் அருகே அமர்ந்து பழங்கதைகளை உரத்து வாசிப்பார். ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக ஏனையோர் கம்பளியைச் சிக்கெடுப்பர், நூற்பர், பின்னுவர். பிள்ளைகளுக்குக்கூட இத்தனை பின்னவேண்டும் என்ற கணக்கு உண்டு.

அந்நாட்டார் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையொன்றிலே ஒரு பூதாகாரமான பூனை வருகின்றது. நத்தார்ப் பண்டிகைக்குப் புதிய உடுப்பு ஒன்றாவது கிடைக்கப்பெறாதவரை அப்பூனை தின்றுவிடுமாம். 1932 ஆம் ஆண்டிலே யோகான்னஸ் ஊர் கோட்லும் என்னும் கவிஞர் வெளியிட்ட பாடல்களின் வழியாக அப்பூனை நாடு முழுவதும் பிரசித்தமாயிற்று. குளிர் முதிருமுன் கம்பளி வேலையை முடித்துவிடவேண்டும் என்பதற்கும், உடுப்பில்லாத வீட்டை அயலார் மறந்துவிடலாகாது என்பதற்கும் இக்கதை உதவியிருக்கும்.

இதைக் கேட்ட அக்கா, மடியிலே சுருண்டு கிடந்த தம் பூனையைத் தடவியவாறே, "எங்கடை பஞ்சு ஆக்களைத் தின்னாது, நூலைத்தான் தின்னும்" என்றார். வேடிக்கையாகச் சொன்ன அச்சொல்லில் ஒரு பெரிய உண்மை உண்டு. அதனைக் கீழே சொல்வோம்.

பஞ்சு

2014 ஆம் ஆண்டு கார்த்திகை மழையிலே, அக்காவின் வீட்டு விறகுக் கொட்டிலில் ஒரு வெள்ளைப் பூனைக்குட்டி வந்து ஒதுங்கியது. கம்பளி பின்னும் வீட்டுக்குப் பஞ்சு என்ற பெயர் பொருந்துமோ என்று கேட்டதற்கு, "கம்பளி என்று கூப்பிட்டால் தோட்டத்தார் சிரிப்பினம்" என்றார். அப்பெயரே நிலைத்தது.

பூனையின் உடற்சூடு 38 பாகை செல்சியசுக்கும் 39 பாகைக்கும் இடைப்பட்டது. மனிதருடையதிலும் சற்று அதிகம். தன் உடம்பைச் சூடாக்கச் சக்தி செலவிடாமல் அது சுகமாக இருப்பதற்குச் சுற்றுப்புறம் 30 பாகைக்கு மேல் இருத்தல் வேண்டும். நுவரெலியா வீட்டிலே அத்தகைய இடம் இரண்டே: ஒன்று அடுப்படி, மற்றையது மனிதர் மடி. ஆகவே பின்னுபவர் மடியிலே பூனை ஏறுவதை அன்பின் அடையாளம் என்று மாத்திரம் கொள்ளவேண்டியதில்லை. அன்பே இல்லை என்று கொள்ளவும் வேண்டியதில்லை. அது மடியில் இருந்து எழுப்பும் குறுகுறுப்பு ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 25 முதல் 150 வரையான அதிர்வுகளை உடையது. கண்ணை மூடியபடி இரு முன்கால்களாலும் கம்பளியை மாறி மாறிப் பிசையும் வழக்கமோ, தாய்மடியிற் பால் குடித்த நாளிலிருந்து அதனுடன் வருவது.

நூலுருண்டையோடு விளையாடும் பூனைக்குட்டியின் படம் நாட்காட்டிகளுக்கு அழகாக இருக்கலாம். வீட்டிலே அது ஆபத்தானது. பூனையின் நாக்கிலுள்ள சிறு முட்கள் எல்லாம் தொண்டையை நோக்கிச் சாய்ந்தவை. வாயில் அகப்பட்ட நூலைத் துப்ப நினைத்தாலும் அதனால் எளிதில் இயலாது. நூல் உள்ளேதான் செல்லும். அதன் ஒரு முனை எங்கேனும் சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலிலே இறங்கினால், குடல் நாடாக் கோத்த துணிபோலச் சுருங்கிவிடும், கிழிந்தும் போகும். இது உயிருக்கே உலை வைப்பது. பூனையின் வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கக் கண்டால் அதனைப் பிடித்து இழுக்கலாகாது. உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லவேண்டும்.

அக்கா இதற்கு ஓர் உபாயம் செய்திருந்தார். பெரிய பிஸ்கற் பேணியொன்றின் மூடியிலே துளையிட்டு, அதன் ஓரத்தை அரத்தினால் மழமழப்பாக்கி, நூலுருண்டையைப் பேணிக்குள் வைத்து, நூலை மாத்திரம் துளை வழியாக வெளியே எடுத்துப் பின்னுவார். வேலை முடிந்ததும் ஊசியும் துணியும் நூலும் எல்லாம் பேணிக்குள்ளே போய்விடும். பஞ்சு பேணியின் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். எட்டு ஆண்டுகளில் ஒரு முழ நூல்கூட அதன் வயிற்றுக்குப் போனதில்லை.

இருட்டிற் பின்னிய சட்டை

2022 ஆம் ஆண்டை இந்நாட்டிலே எவரும் மறந்திருக்க மாட்டார்கள். எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசை, மருந்துக்குத் தட்டுப்பாடு, பங்குனி மாத இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு. கம்பளி நூலின் விலையும் ஏறியது. பின்பு கடைகளில் நூலே அரிதாயிற்று.

ஒவ்வோர் ஆண்டும் அக்கா தோட்டப் பிள்ளைகள் இரண்டு மூவருக்குச் சுவெற்றர் பின்னிக் கொடுப்பது வழக்கம். அவ்வாண்டு நான்காம் வகுப்பிற் படித்த ஒரு சிறுமி, தோளிலே பழைய துவாய் ஒன்றைப் போர்த்துக்கொண்டு, காலையில் அவர் வீட்டுப் படலையைக் கடந்து போவாள். நூல் வாங்க வழியில்லை. ஒரு மாலை நாம் சென்றபோது அக்கா தம்முடைய கடுநீலச் சுவெற்றரின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். "இந்தப் பிள்ளையின்ரை தோள் சின்னன். என்ரை ஒண்டிலை அவளுக்கு ஒண்டு வரும், மிச்சமும் வரும்" என்றார்.

பழைய பின்னலை அவிழ்ப்பதற்கும் முறை உண்டு. தையலைப் பிரித்து, கடைசியாகப் பின்னிய முனையிலிருந்து நூலை இழுத்தால் வரி வரியாக அவிழ்ந்து வரும். அந்நூல் சுருள் சுருளாக நெளிந்து இருக்கும். நாற்காலியின் முதுகிலே சுற்றிக் கழியாக்கி, நாலு இடத்திற் கட்டி, இளஞ்சூட்டு நீரில் நனைத்து, அடியிலே சிறு பாரம் தொங்கவிட்டுக் காயவைத்தால் நெளிவு நீங்கும். ஆனால் ஒருமுறை உடுத்து அவிழ்த்த நூல் புதிய நூலின் பலத்தை உடையதன்று. அதனை மறுமுறையும் அவிழ்ப்பது நல்லதல்ல.

மின்சாரம் இல்லாத இரவுகளிலே அக்கா மெழுகுதிரியைக்கூட வீணாக்குவதில்லை. விரல் நுனியால் கண்ணியைத் தடவி அறிந்து இருட்டிலேயே பின்னினார். ஆனியிலே முதுகுப்புறம் முழுவதும் முடிந்தது. ஆவணியில் முன்புறம் கைக்குழிவரை வந்தது. அதற்குமேல் அவர் உடம்பு இடங்கொடுக்கவில்லை. வைத்தியசாலைக்குப் புறப்பட்ட அன்று வீட்டுத் திறப்பை எம் கையிலே தந்து, "பஞ்சுவுக்குப் பின்னேரம் சோறு வையும். நூலை வெளியிலை விடாதையும்" என்றார். எம்மிடம் அவர் இறுதியாகச் சொன்னவை இவ்விரு வசனங்களே. பெரிய வார்த்தைகள் ஒன்றும் இல்லை. திரும்பி வருவார் என்றே இருவரும் எண்ணியிருந்தோம்.

ஈமக்கிரியைகள் அவருடைய ஊரிலே நடந்தன. அந்தியேட்டி முடிந்த பின்னர் உறவினர் வந்து வீட்டை ஒழித்தனர். பூனையையும் பேணியையும் எம்மிடமே விட்டுச் சென்றனர்.

பூனைக்குத் துக்கம் உண்டா?

பலரும் கேட்கும் கேள்வி இது. மனிதரும் பூனையும் கொண்ட உறவு மிகப் பழையது. சைப்பிரஸ் தீவிலே ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றைப் பற்றிய செய்தியை 2004 ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அங்கே ஒரு மனிதரின் எலும்புக்கூட்டுக்கு நாற்பது சென்ரிமீற்றர் தொலைவிலே எட்டு மாத வயதுடைய ஒரு பூனை கிடத்தப்பட்டிருந்தது. அத்தீவுக்குப் பூனை இயற்கையாக உரியதன்று. யாரோ அதன் மூதாதையரைப் படகிலே கொண்டுவந்திருக்க வேண்டும். பழைய எகிப்திலே வீட்டுப் பூனை இறந்தால் வீட்டார் தம் புருவங்களை மழித்துத் துக்கம் காத்தனர் என்று கிரேக்க ஆசிரியர் ஹெரடோட்டஸ் எழுதியிருக்கின்றார்.

மனிதர் பூனைக்காகத் துக்கப்பட்டதற்குச் சான்று இவ்வாறு நிறைய உண்டு. மறுபக்கத்தை ஆராய்ந்தவர்கள் அண்மைக் காலத்தவரே. 2024 ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து வெளியான ஓர் ஆய்வு, பூனை வளர்ப்போர் நானூறு பேருக்கு மேற்பட்டோரை வினவியது. வீட்டிலிருந்த இன்னொரு நாயோ பூனையோ இறந்தபின், எஞ்சிய பூனை குறைவாக உண்டது, குறைவாக உறங்கியது, குறைவாக விளையாடியது என்று பலர் தெரிவித்தனர். ஆயினும், துக்கத்திலிருக்கும் மனிதர் தம் துக்கத்தையே பூனையிடமும் காண்பது சாத்தியம் என்பதை அவ்வாய்வாளரே எடுத்துக் காட்டியுள்ளனர்.

எனவே பஞ்சு துக்கப்பட்டது என்று துணிந்து எழுதமாட்டோம். கண்டதை மாத்திரம் எழுதுவோம். புதிய வீட்டுக்கு வந்த பூனையைச் சில வாரங்கள் வெளியே விடலாகாது என்பது பொதுவான அறிவுரை; இல்லையேல் பழைய வீட்டைத் தேடிப் போய்விடும். மூன்று வாரம் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தோம். வெளியே விட்ட முதல் நாளே அது அக்கா வீட்டுப் படியிற் போய் அமர்ந்திருந்தது. பொழுதுபட எடுத்து வந்தோம். மறுநாளும் அவ்வாறே. பன்னிரண்டாம் நாள் அது போகவில்லை. அன்று இரவு அது பிஸ்கற் பேணியின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. அதுவரை அப்பேணி திறக்கப்படாமலே இருந்தது.

எஞ்சிய வேலை

அடுத்த நாட் காலை பேணியைத் திறந்தோம். முடிந்த முதுகுப்புறம், ஊசியிலே கண்ணிகள் அப்படியே நிற்க, பாதியில் நின்ற முன்புறம், மூன்று உருண்டை நூல், சிறுமியின் மார்பளவும் கைநீளமும் பென்சிலாற் குறித்த கடதாசித் துண்டு. அவ்வளவே.

மூன்று வழிகள் இருந்தன. அப்படியே மூடி நினைவுச் சின்னமாக வைக்கலாம். துக்கத்திலிருப்பவருக்கு முதலில் தோன்றுவது அதுவே. அல்லது அனைத்தையும் அவிழ்த்து, முதலிலிருந்து ஒரே கையாற் பின்னலாம். சட்டை குறையின்றி அமையும். அல்லது நின்ற இடத்திலிருந்து தொடரலாம்.

முதல் வழியை அந்தக் கடதாசித் துண்டே தடுத்தது. அதிலிருந்த அளவு வைகாசி மாதத்து அளவு. அப்போது மார்கழி. கம்பளி எத்தனை காலமும் காத்திருக்கும். வளரும் பிள்ளை காத்திராது. அடுத்த குளிருக்கு என்று தள்ளிவைத்தால், அச்சட்டை எவருடைய தோளுக்கும் உரியதாகாது. இரண்டாம் வழிக்கு நூல் இடந்தராது. மறுமுறை அவிழ்த்தால் நைந்துவிடும். அதுவன்றி, இருட்டிலே விரலாற் தடவிப் பின்னிய வரிகளை அவிழ்க்க எமக்கு மனம் வரவில்லை.

ஆகவே தொடர்ந்தோம். அக்காவின் பின்னலிற் பத்துச் சென்ரிமீற்றருக்கு இருபது கண்ணி. அதே ஊசியால் எம் கையில் இருபத்திரண்டரை. அப்படியே தொடர்ந்தால் மேற்பகுதி ஒடுங்கிவிடும். இதற்கு ஒரு பரிகாரம் உண்டு: கை இறுகியவர் சற்றுத் தடித்த ஊசியை எடுத்துக்கொள்ள வேண்டும். நான்கு மில்லிமீற்றர் ஊசிக்குப் பதில் நான்கரை மில்லிமீற்றர் ஊசியை எடுத்து மாதிரித் துண்டு பின்னினோம். இருபது கண்ணி சரியாக நின்றது. வரியைத் தொடங்கினோம். சிறுமியை அழைத்து மீண்டும் அளந்ததிற் கையின் நீளம் மூன்று சென்ரிமீற்றர் கூடியிருந்தது. அதற்கேற்பக் கைகளை நீட்டினோம். 2023 தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னதாகச் சட்டை முடிந்தது. இளஞ்சூட்டு நீரில் நனைத்து, துவாயில் உருட்டி நீரை ஒற்றி, மேசையில் விரித்து உலர்த்தினோம். கண்ணிகள் ஓரளவு தம்முள் ஒத்துப்போவதற்கு இதுவே வழி.

கண்ணியின் கணக்கு ஒத்தது; கை முற்றாக ஒக்கவில்லை. முன்புறத்திலே, கைக்குழிக்குச் சற்றுக் கீழே, ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. அதற்குக் கீழே வரிகள் மென்மையாக, சற்றே அலைந்து ஓடின. அதற்கு மேலே நெருக்கமாக நின்றன. தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. விரலால் தடவினால் தெரியும்.

சிறுமி அதைப் போட்ட உடனேயே விரல் அவ்விடத்திற்குச் சென்றது. "இந்த எடத்துல ஏன் டீச்சர் ஒரு கோடு மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். கோட்டுக்குக் கீழே உள்ளதைப் பெரிய டீச்சர் பின்னினார், மேலே உள்ளதும் கைகளும் எம்முடைய வேலை என்று சொன்னோம். அவள் சற்று நேரம் யோசித்தாள். பிறகு கையைப் பின்னால் வளைத்து முதுகைத் தடவிப் பார்த்து, "அப்ப முதுகு முழுக்க அவுங்கதான்" என்று சொல்லிவிட்டுப் பாடசாலைக்கு நேரமாயிற்று என்று ஓடினாள்.

இறந்தவர் விட்டுச் சென்ற அரைகுறை வேலைகள் அநேகமாக எல்லா வீடுகளிலும் இருக்கும். பாதி எழுதிய சமையற் குறிப்பு, நாற்று விட்டு நடாத பாத்தி, ஒரு பக்கம் மாத்திரம் தைத்த தலையணை உறை. அவற்றைத் தொட்டால் அவருடைய கை அழிந்துவிடுமோ என்று நாம் அஞ்சுகின்றோம். பின்னல் இதற்கு மாறாக ஒன்றைச் சொல்கின்றது. மேலே ஒரு வரி ஏறாவிட்டால், ஊசியில் நிற்கும் கண்ணிகள் என்றோ ஒரு நாள் நழுவிக் கீழுள்ள வரிகளையும் கூட்டிக்கொண்டு போய்விடும். இன்னொரு கை ஏறித் தாங்கினாற்றான் முதற் கையின் வேலை நிலைக்கும். அது அக்காவின் கையைப்போல இருக்கவேண்டும் என்பதில்லை. அப்படி இருக்கவும் முடியாது.

அந்தச் சிறுமி இப்பொழுது வளர்ந்துவிட்டாள். சட்டை அவளுடைய தம்பியிடம் சேர்ந்துவிட்டது. கைமுனையிலே மட்டும் ஒருமுறை நூல் விட்டது. எஞ்சியிருந்த உருண்டையிலிருந்து எடுத்துச் சீர்செய்து கொடுத்தோம். பஞ்சுவுக்கு வயது பத்தைத் தாண்டிவிட்டது. முன்போற் பேணியின் மேல் தாவுவதில்லை, தூக்கி வைக்கவேண்டும்.

இக்குளிருக்குப் பின்னப் பழக விரும்பும் வாசகர்களுக்கும் மாணவர்களுக்கும் வேண்டிய பொருட்கள் அதிகமில்லை. நான்கு மில்லிமீற்றர் ஊசி ஒரு சோடி, நடுத்தரத் தடிப்புள்ள நூல் ஓர் உருண்டை, வீட்டிலே பூனை இருந்தால் மூடியுள்ள பேணி ஒன்று. இருபது கண்ணி ஏற்றி, ஒரு சாண் நீளத்துக்குப் பின்னிப் பாருங்கள். நூலை இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலே ஒருவர் பாதியில் விட்ட வேலை ஏதும் இருந்தால், அதன் கடைசி வரியைக் கண்டுபிடித்து அங்கிருந்தே தொடங்குங்கள். கோடு தெரியும், தெரியட்டும்.